குதித்தவர் குன்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லை எடைபோட்டுப் பார்ப்பதையே தன் பணியாகக் கொண்ட வட்டம் இது. ஒரு கவிதையில் ஒரு வினைச்சொல் தன் இடத்தில் நிற்கிறதா என்று இரவு வெகுநேரம் வழக்காடிய கூட்டங்களை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, பயண அனுபவம் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, பல நாடுகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒரே ஓர் ஊரைப் பற்றியும், அந்த ஊரின் பெயராகிய ஒரே ஒரு சொல்லைப் பற்றியும் பேசுவதே இந்த அவைக்குப் பொருந்தும் என்று கருதினேன்.

அந்த ஊர் சோட்டேர்ஸ். கரிபியக் கடலின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள கிரனடா நாட்டில், முதன்மைத் தீவின் வடகோடியில் இருக்கிறது. நாட்டின் மொத்தப் பரப்பே 344 சதுரக் கிலோமீட்டர்தான். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் தென்மேற்கில் இருக்கிறது. அங்கிருந்து சிற்றுந்தில் ஏறினால், வலப்புறம் மலை, இடப்புறம் கடல் என்று வளைந்து வளைந்து செல்லும் மேற்குக் கரைச் சாலையில் குவாவ், விக்டோரியா என்னும் மீனவர் ஊர்களைக் கடந்து சோட்டேர்ஸை அடையலாம். மலைச்சரிவு நெடுகிலும் கொக்கோ மரங்களும் சாதிக்காய் மரங்களும் நிற்கின்றன. அந்நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இடம்பெற்றிருக்கிறது.

ஊரில் ஆரவாரம் இல்லை. கடைத்தெரு ஒன்று, கீழே வளைந்த கடற்கரையில் படகுகள், மேலே, கடலை நோக்கித் துருத்தி நிற்கும் குன்றின்மீது செயின்ட் பேட்ரிக் கத்தோலிக்கத் தேவாலயம், அதை அடுத்துக் கல்லறைத் தோட்டம். கல்லறைகளுக்கு அப்பால் நிலம் முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ நூறடி ஆழத்தில் பாறையும் அலையும். எதிரே சிறு தீவுகள் வரிசையாகத் தெரிகின்றன. காற்று ஓயாமல் வீசுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றுதான் ஒரு காலத்தில் ஐரோப்பியப் பாய்க்கப்பல்களைக் கரிபியத் தீவுகளுக்குச் சேர்த்த வாணிபக் காற்று.

ஊரில் காலை வேளையில் கொக்கோ உருண்டையைத் துருவி, இலவங்கப்பட்டையும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அதைத் 'தேநீர்' என்கிறார்கள். தேயிலை அதில் இல்லை. சீமைப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும்போது மஞ்சள்தூள் இடுகிறார்கள். அதைக் 'குங்குமப்பூ' என்கிறார்கள். பெயருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி சமையலறையில் நமக்குப் புன்னகையை வரவழைக்கும். குன்றின் மேல் அவ்வாறு புன்னகைக்க இயலாது.

'சொத்தே' என்னும் பிரெஞ்சு வினைச்சொல்லுக்குக் குதித்தல் என்பது பொருள். அதிலிருந்து வந்த 'சொத்தேர்' என்பது குதிப்பவரைக் குறிக்கும். இக்குன்றைப் பிரெஞ்சுக்காரர் 'குதிப்பவர் குன்று' என்று அழைத்தனர். பெயர் குன்றிலிருந்து ஊருக்கு இறங்கியது. 1763இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

குதித்தவர் யார்? தீவின் பழங்குடியினராகிய கலினாகோ மக்கள். ஐரோப்பியர் அவர்களுக்கு இட்ட பெயர் கரிப். 1649இல் மார்த்தினிக் தீவின் ஆளுநர் தூ பார்க்கே ஆட்களுடன் வந்து இறங்கினார். கத்தி, கோடரி, பாசிமணி, சாராயம் ஆகியவற்றைக் கொடுத்துத் தீவை வாங்கிவிட்டதாகப் பிரெஞ்சுத் தரப்பு எழுதிவைத்தது. சில மாதங்களில் சண்டை மூண்டது. வடக்கே இக்குன்றின்மீது கூடியிருந்த கலினாகோ மக்களைப் பிரெஞ்சுப் படை சூழ்ந்து தாக்கியது. நிகழ்ச்சி நடந்த ஆண்டு 1651 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1650 என்று கொள்வோரும் உண்டு.

இதை நாம் அறிவது பெரும்பாலும் தூ தேர்த்ர் என்ற டொமினிக்கன் சபைத் துறவி எழுதிய அண்டில்லிஸ் தீவுகளின் வரலாற்று நூலால். அது 1667 முதல் 1671 வரை பாரிஸில் வெளியாயிற்று. அவர் எழுதியதன் சாரம் இது: ஏறத்தாழ எண்பது பேரில் பாதிப் பேர் அங்கேயே கொல்லப்பட்டனர், எஞ்சிய நாற்பது பேர் உயரத்திலிருந்து கடலில் பாய்ந்து மாண்டனர், பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர் ஒருவர். இன்னொரு செய்தியையும் அவர் மறைக்காமல் பதிந்திருக்கிறார். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உயிருடன் பிடிபட்டாள். அவள் யாருக்கு உரியவள் என்று அதிகாரிகள் இருவர் சண்டையிட்டனர். மூன்றாமவர் வந்து அவள் தலையில் சுட்டுச் சண்டையை முடித்துவைத்தார்.

கவிஞர்களே, இப்போது அந்தப் பெயருக்குத் திரும்புவோம். கொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் குதிக்கவில்லை. அந்தச் சிறுமி குதிக்கவில்லை. ஆனால் குன்றின் பெயரில் இவர்களுக்கு இடமில்லை. குதித்தோருக்கு இடம் கிடைத்தது. அதுவும் எப்படிப்பட்ட இடம்? நம் இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் காலம் காட்டும். 'குதித்தவர்' என்றால் ஒரு நாள், ஒரு பொழுது, ஒரு நிகழ்ச்சி அதற்குள் இருக்கிறது. 'சொத்தேர்' என்பது காலம் காட்டாது. உழவர், கொல்லர், தச்சர் என்பது போல, குதிப்பதே அம்மக்களின் தொழில் என்பது போல ஒலிக்கிறது. தமிழில் நான் 'குதித்தவர் குன்று' என்று தலைப்பிட்டபோது, பிரெஞ்சுப் பெயர் தராத ஓர் இறந்தகாலத்தைத் தமிழ் தானாகவே தந்துவிட்டது.

ஆயினும் தமிழ்ப் பெயரிலும் ஒரு குறை தங்குகிறது. குதித்தவர் என்னும்போது எழுவாய் அவர்கள்; வினையும் அவர்களுடையது. துரத்தியவர் யார்? அவர் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. பெயர் சூட்டியவரே துரத்தியவர் என்பதுதான் அதற்குக் காரணம். தன் செயலைச் சொல்லாமல், தன் செயலுக்கு இரையானவரின் கடைசி அசைவை மட்டும் பெயராக்கிவிட்டுப் போனார். ஆங்கிலேயரும் அப்பெயரைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்களே தவிர, வினைமுதலைத் தேடவில்லை.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிரனடாவைச் சிதைத்தது. பல்லாண்டு வளர்ந்த சாதிக்காய்த் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 2024 சூலை 1ஆம் நாள் பெரில் புயல் கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. சோட்டேர்ஸ் அடங்கிய வடபகுதியிலும் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அழித்த காற்றுக்குப் பெயரிட்டு, அதை எழுவாயாக்கிப் பேசுகிறோம். 'சாய்ந்த மரங்கள்' என்று அந்த நாள்களை யாரும் அழைப்பதில்லை. காற்றின் செயலில் காட்டும் இந்த நேர்மை, மனிதரின் செயலைப் பேசும்போது மொழியிலிருந்து நழுவிவிடுகிறது.

குன்றிலிருந்து சிறிது தொலைவில் இர்வின் விரிகுடா இருக்கிறது. 1857 மே 1ஆம் நாள் மெய்ட்ஸ்டோன் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 287 இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை அங்கே இறக்கியது. பின்னர் வந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை மூவாயிரத்தைக் கடந்தது. கல்கத்தாக் கப்பல் என்றவுடன் அதில் தமிழரைத் தேடிப் பெருமை கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் கவனித்தது வேறு. 2009 முதல் அந்நாட்டில் மே 1 'இந்தியர் வருகை நாள்' என்று நினைவுகூரப்படுகிறது. அவர்கள் வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா? 1838இல் அடிமை முறையின் எச்சமும் ஒழிந்தபின், தோட்ட முதலாளிகளுக்குக் கூலி குறைந்த கைகள் தேவைப்பட்டன. அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆப்பிரிக்கர் சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டிருந்தனர். 'வருகை' என்னும் சொல்லும் வினையை வந்தவர் தலையில் ஏற்றிவிட்டு, கப்பலை அனுப்பியவரை விடுவித்துவிடுகிறது. எனினும் இந்தப் பெயரைக் குன்றின் பெயரோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. இதை நினைவுகூர்வோரில் அம்மக்களின் வழித்தோன்றல்களும் இருக்கிறார்கள். தம் முன்னோரைப் பொருளாக அன்றி மனிதராக, வினை செய்பவராகக் காண விரும்பும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அதே உரிமைதான் சிக்கலை நம்மிடம் கொண்டுவருகிறது. அடிமையாவதைவிடச் சாவை அவர்கள் தேர்ந்தார்கள் என்று பாடுவது கவிஞனுக்கு எளிது. வீரம் போலவும் ஒலிக்கும். கரிபிய இலக்கியம் இக்குன்றை மறக்கவில்லை. செயின்ட் லூசியாவின் டெரெக் வால்காட் 1973இல் வெளியிட்ட 'அனதர் லைஃப்' என்னும் நெடுங்கவிதையில் இந்தப் பாய்ச்சல் இடம்பெறுகிறது. கிரனடாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் இலண்டனில் பிறந்த ஸ்டீவ் மெக்வீன் 2002இல் 'கரிப்ஸ் லீப்' என்ற காட்சிப் படைப்பில், வானிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் உருவங்களைக் காட்டினார். ஆனால் அழகாக்கிவிட்ட சாவில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'கடைசிக் கரிபியர் குதித்தனர். கதை முடிந்தது' என்று உலகம் எண்ணிக்கொள்கிறது.

கதை முடியவில்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பின்னரும் கிரனடாவில் கலினாகோ மக்கள் சில ஆண்டுகள் போரிட்டார்கள். அண்டைத் தீவுகளில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். டொமினிக்காவில் 1903இல் அவர்களுக்கெனப் பிரிக்கப்பட்ட 3,700 ஏக்கர் நிலத்தில் இன்றும் வாழ்கிறார்கள். 2023இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற சில்வனி பர்ட்டன் கலினாகோ இனப் பெண்மணி.

இந்த வட்டத்தின் நண்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான். அழிவைப் பாட நேரும்போது, வீழ்ந்தவரைப் பற்றி எழுதும் வரியில் வீழ்த்தியவருக்கும் ஓர் எழுவாய் கொடுங்கள். வீரத்தைப் பாடுங்கள், ஆனால் குதிக்கவும் வழியின்றி இறந்த அந்தச் சிறுமியை விட்டுவிட்டுப் பாடாதீர்கள். எஞ்சியிருப்போரை இறந்தவராக்கிப் பாடாதீர்கள். சோட்டேர்ஸின் கல்லறைத் தோட்டத்தருகே பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர்ப்பெயரைப் பொருள் நினையாமல் கூவி விளையாடுகிறார்கள். ஊர்ப்பெயரின் பொருளை நினைத்துக்கொண்டே யாரும் வாழ முடியாது. அதை நினைத்துப் பார்ப்பது நம்மைப் போன்ற சொல்லாளர்களின் கடமை. அடுத்த பத்தாண்டுகளிலும் இந்த வட்டம் அக்கடமையைச் செய்யும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.