குரலுக்கு இறங்கி வரும் கிடார்

(ஆர்.எஸ்.புரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதானுங்க. கம்பியைத் தொடாமலே எலெக்ட்ரிக் கிடாரின் சுருதியை மாற்றும் 'பிட்ச் ஷிஃப்ட்' பெடல். இது ஏதோ கிடார்காரர் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். மேடையில் பாடுகிற நம்ம பிள்ளைகளின் தொண்டையைப் பற்றிய சமாச்சாரம்.

கர்நாடகக் கச்சேரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சுருதியை முடிவு செய்பவர் பாடகர். தம்புரா அதற்குச் சேரும். மிருதங்க வித்வான் அந்தக் கட்டைக்கு ஏற்ற மிருதங்கத்தை எடுத்து வருவார். நம்ம கல்லூரி மெல்லிசைக் குழுக்களிலோ பெரும்பாலும் தலைகீழ். "கேசட்டில் இந்தக் கட்டை, நாங்க பழகினதும் இந்தக் கட்டை, நீ ஏறிப் பாடு" என்பார்கள். பாடுகிற பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கப் பாடும்.

ஒரு பாட்டை 3 கட்டையில் ஒத்திகை பார்த்தாச்சு. விழா அன்று பாடுபவருக்கு ஜலதோஷம், 2 கட்டைதான் வரும். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை தட்டினால் முடிந்தது. கிடார்காரர் என்ன செய்வார்? கேப்போ மாட்டினால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. ஆறு கம்பியையும் தளர்த்தினால் கம்பி தொளதொளக்கும், நேரமும் போகும். இங்கேதான் பெடல் கை கொடுக்கிறது. விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், ஸ்பீக்கரில் இரண்டு ஃப்ரெட் இறங்கிக் கேட்கும்.

எப்படி? டேப்ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் சுருதி விழும், ஆனால் பாட்டும் இழுக்கும். இந்தக் கருவி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துண்டுகளை மெதுவாக ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுகிறது. சுருதி இறங்கும், நீளம் மாறாது. ஈவன்டைட் நிறுவனம் 1970-களின் நடுவில் இதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது. பிறகு டிஜிடெக் போன்றவர்களால் காலடிப் பெடலாயிற்று. 1995-இல் வந்த ரோலண்ட் வி.ஜி-8, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பிரித்து மாற்றியது.

கணக்கு மாணவர்கள் கவனியுங்க. இது கழித்தல் அல்ல, பெருக்கல். கீழ்க் கம்பி 82.4 ஹெர்ட்ஸ், இரண்டு ஃப்ரெட் இறங்கினால் 73.4. மேல் கம்பி 329.6, அது 293.7 ஆகும். குறைந்தது ஒன்றில் 9, மற்றதில் 36. ஆனால் விகிதம் ஒன்றே. அதனால்தான் கம்பியை இழுத்துப் பிடிக்கும் கமகம் கெடுவதில்லை. அதே காரணத்தால், சுருதி சேராத கம்பி பெடலைத் தாண்டியும் சேராமலேதான் நிற்கும். சுருதி சேர்க்கும் காதுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லைங்க.

குறைகளும் உண்டு. ஒலி சற்றுத் தாமதமாக வரும். கீழ்க் கம்பி ஒரு அதிர்வை முடிக்கவே 12 மில்லிசெகண்ட் ஆகிறது. அதைச் சேர்த்து வைத்துப் பார்க்கக் கருவிக்கும் நேரம் வேண்டாமா? ஸ்பீக்கரை விட்டு நாலு மீட்டர் தள்ளி நின்றாலும் அதே 12 மில்லிசெகண்ட்தான். எனவே பெடல் போட்டவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஐந்து ஃப்ரெட்டுக்கு மேல் இறக்கினால் ஒலி கனத்து இயற்கை கெடும். டியூனரைப் பெடலுக்கு முன்னாலும், டிஸ்டார்ஷனைப் பின்னாலும் வையுங்க. சின்ன அறையில் மெல்ல வாசித்தால் கம்பியின் சொந்த ஒலியும் சேர்ந்து கேட்டு இரண்டும் மோதும். ஒத்திகையில் இதை நினைவில் வைக்கணும்.

இசைக்காகக் கருவியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. இரட்டை இரட்டையாக நான்கு ஜோடிக் கம்பி உள்ள மாண்டலினை, ஐந்து ஒற்றைக் கம்பியுள்ள எலெக்ட்ரிக் மாண்டலினாக்கிக் கர்நாடக மேடையில் அமர்த்தினார் யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014). கருவி எப்படி வந்ததோ அப்படியே இசை வளையட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை.

மாணவச் செல்வங்களே, பெடல் வாங்க வசதியில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். 2 கட்டைக்கு உரிய கார்டுகளைப் பழகிக்கொண்டால் அதுவே போதும். எந்த வழியானாலும் ஒத்திகை தொடங்கும் முன் பாடுபவரிடம், "உங்களுக்கு எந்தக் கட்டை சௌகரியம்?" என்று கேளுங்க. கம்பி அறுந்தால் புதுசு மாட்டலாம். தொண்டைக்கு அப்படி மாற்று கிடையாதுங்க.