ரத்தம் பட்டா ஒட்டிக்குமா?

(கோவையில் இளைஞர்களிடையே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கிற ஊருக்குக் கூடைப்பந்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த கருப்பர், எர்வின் ‘மேஜிக்’ ஜான்சன். 1959இல் லான்சிங் நகரில் பிறந்தவர். அப்பா மோட்டார் கம்பெனித் தொழிலாளி. அந்த வேலை போக, வண்டி வைத்துக் குப்பையும் அள்ளினார். பையனும் கூடப் போயிருக்கிறான். குப்பை வண்டிக்குப் பின்னால போற பையன்னா என்னன்னு இங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியும்.

லேக்கர்ஸ் அணிக்காக 5 முறை பட்டம் வென்றார். 1991 நவம்பர் 7ஆம் தேதி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஆட்டத்தை விடுகிறேன் என்றார. வயசு 32. ஒளிச்சு வைக்கலை. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடித் தங்கமும் வாங்கினார். சரி, திரும்ப லேக்கர்ஸுக்கே ஆட வந்தபோது என்ன நடந்ததுங்க? காயத்து ரத்தம் பட்டா ஒட்டிக்குமே என்று சக ஆட்டக்காரர்கள் சிலர் கிளப்பினார்கள். களத்தில் அப்படித் தொற்றுவது அபூர்வத்திலும் அபூர்வம் என்ற மருத்துவம் எடுபடவில்லை. நவம்பரில் மறுபடி விலகினார். தங்கம் வாங்கி மூணே மாசம்!

டீக்கடையில நமக்குத் தனி தம்ளர் வெச்சவனும் இப்படித்தான் ஒட்டிக்கும்னு பயந்தான். ஒரு வித்தியாசம், அங்கே கிருமின்னு ஒண்ணாவது இருந்தது.

அவர் இன்னிக்கும் உயிரோட இருக்கிறது மேஜிக் இல்லீங்க. 1996இல் கூட்டு மருந்து வந்தது. விலை வருசத்துக்கு 10,000 டாலருக்கு மேல். அவரால முடிஞ்சது. நாமக்கல் லாரியில கிளீனராப் போனவனுக்கு? அவன் வீட்டுப் பொம்பளைக்கு? இந்தியாவில் இந்தக் கிருமியை 1986இல் முதலில் கண்டுபிடித்ததே சென்னையில்தான். 2001இல் சிப்லா அந்த மருந்தை வருசம் 350 டாலருக்கு ஆப்பிரிக்காவுக்குத் தர முன்வந்தது. நம்ம கூலிக்கு அதுவும் எட்டாது. அரசு இலவசமாகத் தர ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். இடையில 8 வருசம். அதுக்குள்ள நம்ம சுடுகாட்டுக்குப் போனவங்களை யாரு கணக்கு வெச்சாங்க?

ஜான்சன் பிறகு முதலாளி ஆனார். 2012இல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை வாங்கியவர்களில் ஒருவர். அதுக்குக் கைதட்ட நான் வரலை. ஆனால் பெரிய கம்பெனிகள் கால் வைக்கத் தயங்கிய கருப்பர் வட்டாரத்தில், 1995இல், லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா கொட்டகை கட்டினார். அது எனக்குப் பிடிச்சிருக்கு.

இங்கே 2017இல் சட்டம் போட்டாங்க. எச்.ஐ.வி. இருக்குன்னு வேலையை விட்டுத் தூக்கக்கூடாது, பள்ளிக்கூடத்துல சேர்க்க மறுக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பக்கூடாது. தனி தம்ளருக்கு எதிராக 1955லேயே சட்டம் போட்டாங்கங்க.