நாணல் குழாயில் ஒரு குடியிருப்பு



ரோசாச் செடியின் இலைகளில், காசை வைத்து வெட்டி எடுத்தாற்போல வட்ட வட்டமாகத் துண்டுகள் காணாமற் போயிருப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். எங்கள் வீட்டு முற்றத்தில் அதைக் காணும்போதெல்லாம் அம்மம்மா மயிர்க்கொட்டியைத் திட்டித் தீர்ப்பார். பாவம், மயிர்க்கொட்டி நிரபராதி. வெட்டியது ஒரு தேனீ. அது இலையைத் தின்பதில்லை. சுருட்டிக் கொண்டுபோய் ஒரு துவாரத்தினுள் தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறது.

தேனீ என்றதும் நமக்கு ராணியும், வேலைக்காரிகளும், வதையும் தேனுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 20,000 வகைத் தேனீக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ராணியுமில்லை, வதையுமில்லை. ஒரு தாய், ஒரு துவாரம், அவ்வளவுதான். மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்குவாள். பெரும்பாலும் பிள்ளையின் முகத்தைக் காணாமலே இறந்துபோவாள். இவை தனித்தேனீக்கள். நமக்கெனத் தேன் சேர்த்து வைக்காததாலோ என்னவோ, மனிதன் இவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்திய ஒருவரைப் பற்றி இலக்கிய நேரத்திற் பேசுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். ஜீன் ஹென்றி ஃபாப்ர், 1823இல் பிரான்சிற் பிறந்தவர். பத்துத் தொகுதிகளாகப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதியவை விஞ்ஞானமா, இலக்கியமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இருபது வயதுகூட நிரம்பாத ஆசிரியராகக் கார்ப்பாந்த்ரா என்ற ஊரில் மாணாக்கரை நிலம் அளக்க வெளியே கூட்டிச் சென்றார். பையன்களோ அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு, கற்களில் ஒட்டியிருந்த மண்கூடுகளை உடைத்து, வைக்கோல் துரும்பால் தேன் உறிஞ்சினார்கள். அது கொத்தன் தேனீயின் கூடு. நம்மூர் வழக்கில் ‘மேசன் தேனீ’ எனலாம். வாத்தியாரும் உறிஞ்சிப் பார்த்தார். பின்னர் பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். அந்த மாதம் எப்படிச் சாப்பிட்டார் என்பது வேறு கதை.

டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தும் இருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. கொத்தன் தேனீக்களைப் பெட்டியில் அடைத்து, சுழற்றித் திசை தடுமாறச் செய்து, தொலைவில் விட்டால் வீடு திரும்புமா என்று பாரும் என யோசனை சொன்னவர் டார்வின். ஃபாப்ர் செய்து பார்த்தார். பத்தில் மூன்று, நான்கு திரும்பிவிட்டன. அதை டார்வினுக்கே கடிதமாக எழுத இருந்தார். 1882இல் டார்வின் காலமானார். கடிதம் நூலின் அத்தியாயமாயிற்று.

ஃபாப்ரின் சோதனைகளில் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது ஒஸ்மியா என்ற தேனீயிடம் செய்ததுதான். தம் அறையிலே நாணல் குழாய்களையும் கண்ணாடிக் குழாய்களையும் வைத்து அதைக் குடியேற்றினார். தாய் குழாயின் உட்கோடியில் பெண்களையும் வாசற்பக்கம் ஆண்களையும் வைக்கிறாள். பெண்ணுக்குப் பெரிய அறை, அதிக உணவு. ஒடுங்கிய குழாயைக் கொடுத்தால் ஆண்களையே இடுகிறாள். அதாவது, இடத்தின் அகலத்தைப் பார்த்து மகனா மகளா என்று தாயே தீர்மானிக்கிறாள். முட்டையைக் கருவுறச் செய்தால் மகள், செய்யாவிட்டால் மகன்.

ஆகவே இவளுக்குத் துவாரந்தான் சொத்து. ஒஸ்மியாவால் மரத்தைத் துளைக்க முடியாது. வண்டு விட்டுப்போன துளையையோ உடைந்த நாணலையோ தேடவேண்டும். ஏனைய தனித்தேனீக்களில் பெரும்பாலானவை நிலத்தைத் தோண்டிக் குடியிருப்பவை. மழை மிகுந்த காடுகளைவிட வரண்ட, வெயில் நிறைந்த நிலங்களிலேயே தேனீ வகைகள் அதிகம். மத்தியதரைக் கடற்கரை அவற்றின் பெரும் இருப்பிடங்களிலொன்று. ஈரநிலத்தில் சேமித்த உணவு பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களிலொன்று.

அந்தக் கரைக்கு 2008இல் ஒரு விருந்தாளி வந்தது. மார்செய் துறைமுக நகரை அடுத்த அலோ என்ற ஊரில் முதன்முதலாகக் கண்டார்கள். சீனா, கொரியா, யப்பான், தாய்வான் அதன் தாய்நாடு. பெண் இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேலான நீளம். பிசினால் கூடு கட்டும். இராட்சதப் பிசின் தேனீ என்று பெயர். வணிகச் சரக்கில் வந்த மரப்பொருளுக்குள் கூடாக இருந்து கடல் கடந்திருக்கலாம் என்பது ஊகம். 1994இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் இதைக் கண்டிருந்தார்கள். 2009இல் இத்தாலி, 2010இல் சுவிற்சர்லாந்து, 2015இல் ஜேர்மனி, 2018இல் ஸ்பெயின் என்று பரவியது. ஐரோப்பியத் தெருக்களில் அழகுக்காக நட்ட கிழக்காசியப் பகோடா மரம் கோடையிற் பூத்து அதை வரவேற்றது. ஊர்ப் பூவும் உடன் வந்திருந்தது என்க.

வேற்றுநாட்டுத் தேனீயெல்லாம் கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. யப்பானில் ஆப்பிள் தோட்டங்களுக்கு உதவும் ஒஸ்மியா வகையொன்றை அமெரிக்கர்களே விரும்பி அழைத்துச் சென்றார்கள். ஆனால் இந்தப் பிசின் தேனீக்கும் துளைக்கத் தெரியாது. யூலை, ஓகஸ்டில் இது வீடு தேடும்போது, வசந்தத்தில் ஒஸ்மியா அடைத்துவிட்டுப் போன குழாய்களுக்குள் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும். பிசின் தேனீ மண்கதவை உடைத்து அவற்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் குடியேறுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

இதில் நம் நல்ல மனத்துக்கும் ஒரு பங்குண்டு. தேனீக்கள் அருகுகின்றனவே என்ற கவலையில் நகரத்தார் பூங்காக்களிலும் மாடிகளிலும் மூங்கில், நாணல் துண்டுகளை அடுக்கித் ‘தேனீ விடுதி’ வைத்தார்கள். மார்செய் பூங்காக்களில் வைத்த விடுதிகளை ஆராய்ந்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள்: பெரும் பங்கு இடம் அந்த விருந்தாளிக்கே போயிருந்தது.

அப்படியானால் குழாயை ஒடுக்கினால் என்ன? பிசின் தேனீ எட்டு மில்லிமீற்றருக்கும் அகலமான துளைகளையே நாடுவதால், ஒடுங்கிய துளைகளை வைக்குமாறு சொல்பவர்கள் உண்டு. சிறிய இனங்களுக்கு அது நன்று. பெரிய ஒஸ்மியாக்களின் சங்கதி வேறு. ஒடுங்கிய குழாயில் அவை மகன்களையே இடும் என்று ஃபாப்ரின் கண்ணாடிக் குழாய்கள் அப்போதே காட்டிவிட்டன. அதனால் வசந்தத்தில் அகன்ற குழாய்களைத் திறந்து வைத்திருந்து, ஒஸ்மியா கடைசிக் கதவையும் மண்ணால் பூசி முடித்ததும், பகோடா மரம் பூக்குமுன், விடுதியின் முன்புறத்தை நெருக்கமான கம்பிவலையால் மூடவேண்டும். மறு வசந்தத்திற்குச் சற்று முன்னதாக வலையை எடுத்துவிட வேண்டும். முதலில் வருபவர்கள் வாசலோரத்து மகன்கள்.