கொல்லைப்புறக் கோழியும் கூட்டு முயற்சியும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினருக்காக மாக் மண்டினில் நிகழ்த்தப்பட்ட உரை)



மரம் சீவும் குடும்பத்திற்கு எல்லா மாதங்களிலும் ஒரே அளவு வருமானம் வருவதில்லை. மழை நாளில் வேலை நின்றுவிடும். இலையுதிர் மாதங்களில் பால் குறைந்துவிடும். அத்தகைய காலங்களில் பிள்ளைகளுக்கு முட்டையும், அவசரச் செலவுக்குச் சில ரிங்கிட்டும் தர வல்லது கொல்லைப்புறக் கோழி. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், உள்நாட்டுத் தட்டுப்பாட்டின் காரணமாக அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதை நீங்கள் அறிவீர்கள். பண்ணைக் கோழியின் தீவனமாகிய சோளமும் சோயாவும் கப்பலேறி வருபவை. அவற்றின் விலை உயர்ந்தால் கோழியின் விலையும் உயரும். நாட்டுக்கோழியோ புழு பூச்சியையும் வீட்டு மிச்சத்தையும் தின்று வளர்வது.

ஆயினும், “வளர்த்துப் பார்த்தோம், நிலைக்கவில்லை” என்று கூறுவோர் பலர். கோழிகள் நிலைக்காமைக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, இரவில் தக்க கூடு இல்லாமை. மற்றொன்று, வெள்ளைக்கழிச்சல் நோய். முதற்குறையை ஒரு குடும்பம் தானே நீக்கிக்கொள்ளலாம். இரண்டாவதை நீக்க லயம் முழுவதும் ஒன்றுசேர வேண்டும். இதுவே நான் இன்று வலியுறுத்த விரும்புவது.

முதலில் கூட்டைப் பற்றிச் சொல்கிறேன். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இவற்றுக்கு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூடு பொருந்தும். தரை, நிலத்திலிருந்து 2 அல்லது 3 அடி உயரத்தில் இருக்கட்டும். மூங்கில் அல்லது பலகைச் சட்டங்களைச் சிறு இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், தரை உலர்ந்திருக்கும். நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் உச்சி சாய்ந்த வெயில் உள்ளே பாயாது. பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். காற்று வரும், பாம்பும் மரநாயும் பெருச்சாளியும் வாரா. கூரைக்கு அத்தாப்பும் ஆகும், தகரமும் ஆகும். ரப்பர் மரக் கட்டையைப் பதப்படுத்தாமல் காலாக நட்டால் வண்டு அரித்துவிடும். உறுதியான வேறு மரத்தைத் தேடுங்கள்.

உள்ளே நீளவாக்கில் இரண்டு கழிகள் கட்டினால் கோழிகள் நெருக்கமின்றி அமரும். நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்றாக, ஓரடிச் சதுரப் பெட்டியில் உலர்ந்த புல்லிட்டு வையுங்கள். கூட்டைப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். கட்டுமுன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுவதும், அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் நலம்.

நீங்கள் விடியுமுன் பெரட்டுக்குச் செல்பவர்கள். அந்த இருளில் கூட்டைத் திறந்துவிட்டால் கோழிகள் புதருக்குள் முட்டையிடும். காட்டு விலங்குகளுக்கும் இரையாகும். வீட்டிலுள்ள பெரியவர்கள் நன்கு விடிந்தபின் திறக்கட்டும். பொழுது சாய்வதற்கு முன் சிறிது தவிடோ குறுணையோ தேங்காய்ச் சக்கையோ கூட்டினுள் இட்டுப் பழக்கினால் கோழிகள் தாமே வந்து அடையும். பூஞ்சணம் பிடித்த தீனியும் உப்பு மிகுந்த மிச்சமும் நஞ்சாகும். களைக்கொல்லி இருந்த டின்னை எவ்வளவு கழுவினாலும் தண்ணீர்ப் பாத்திரமாக்காதீர்கள். மருந்து தெளிக்கும் நாளில் கோழிகளை வெளியே விடாதீர்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் கோழிக்கும் நல்லது, கொசுவும் பெருகாது.

அடைக்கு வைக்கும் முட்டைகள் பத்து நாளுக்கு மேற்பட்டவையாக இருத்தல் ஆகாது. பத்துப் பன்னிரண்டு முட்டை ஒரு தாய்க்குப் போதும். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். முதல் மூன்று நான்கு வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் கூடையால் மூடிக் காத்தால் பருந்துக்கும் மழைக்கும் இழப்பது குறையும்.

இனி நோயைப் பற்றிக் கூறுகிறேன். வெள்ளைக்கழிச்சல் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்டது. நம் நாட்டில் 1934இல், நிபோங் திபாலை அடுத்துள்ள பாரிட் புந்தாரில் முதன்முதலாகப் பதிவாயிற்று. மூச்சுத் திணறலும் பச்சை நிறக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் இதன் அடையாளங்கள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பதே வழி.

1980ஆம் ஆண்டுகளில், செர்டாங்கில் அன்று விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த நிலையத்தின் அறிஞர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தொன்றைத் தீவன உருண்டையில் பூசிக் கொடுக்கும் முறையை உருவாக்கினர். திரிந்து மேயும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது கடினம் என்பதால் பிறந்த முறை அது. இன்று கண்ணில் சொட்டு விடும் மருந்தும், குடிநீரில் கலக்கும் மருந்தும் உள்ளன. மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அணுகினால் எதை, எப்போது கொடுப்பது என்று சொல்வார்கள். பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் கொடுக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரில் உயிர்மருந்து கெட்டுவிடும் என்பதை மறவாதீர்கள்.

தோழர்களே, மருந்துப் புட்டி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வரும். பத்துக் கோழிக்காக அதை ஒருவர் வாங்கினால் வீண்செலவு. லயத்தார் அனைவரும் பங்கிட்டு, ஒரே நாளில் கொடுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் சில காசுகளே ஆகும். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. மேயும் கோழிக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டார் மருந்து கொடாமல், செத்த கோழியைக் கால்வாயில் எறிந்தால், அடுத்த வாரம் அனைவரின் கூடும் வெறுமையாகும்.

இறந்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். நோயுற்ற கோழியை அவசரமாக விற்பதோ அறுப்பதோ தகாது. திடீரெனப் பல கோழிகள் மாண்டால் வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். 2004இல் கிளந்தானிலும், 2006இல் சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும் பறவைக் காய்ச்சல் கண்டது. அது மனிதரையும் தாக்கக் கூடியது. மறைத்தால் இழப்பது கோழியை மட்டுமன்று.

நாம் கூடியுள்ள இம்மாக் மண்டினில் தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன, கோழிக்கு இடமில்லை. உங்கள் தோட்டங்களில் அந்த இடம் இன்னும் உண்டு. ஊர் திரும்பியதும் உங்கள் லயத்தில் எத்தனை வீடுகள், எத்தனை கோழிகள் என்று கணக்கெடுங்கள். பொறுப்பான ஒருவரைத் தேர்ந்து மருந்து வாங்கும் பணியை ஒப்படையுங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் உங்கள் பிள்ளைகளின் தட்டில் முட்டை இருக்கும்.