அறையை அளந்து பாருங்கள்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைக்காரப் பெருமக்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் டெய்லர் தோழர்களே, செக்கிங், கைமடித் தாய்மார்களே!

"வடக்கே இருந்து வந்தவன் ரயிலில் காசநோயையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்" என்று இந்தக் கடைவீதியில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை மறுக்கத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை. சுவரில் எட்டு ஆணி, ஆணிக்கு ஒரு பை. பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. இருந்த ஒரே ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். மூலையில் ஒரு பையன் இருமிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதம் என்றான்.

காசநோய்க் கிருமி இருமலில் வெளிப்பட்டுக் காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். ஜன்னல் திறந்திருந்தால் கலைந்து போகும். அடைத்த அறையில் ஒருவன் விட்ட மூச்சைத்தான் மற்ற ஏழு பேரும் விடிய விடிய இழுக்கிறார்கள். இதில் பீகார் நுரையீரல் என்றும் திருப்பூர் நுரையீரல் என்றும் உண்டா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், புதிதாகக் கட்டும் ஆலையில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று எழுதி வைத்தது. நான் பார்த்த அறை பத்தடி உயரம். மொத்தம் 28 கன மீட்டர் சொச்சம். ஆலைக் கணக்குப்படி இரண்டு பேருக்கே இழுபறி. அதில் எட்டுப் பேர் உறங்குகிறார்கள்! மிஷின் முன்னால் உட்காரும்போது தேவைப்படும் காற்று, படுக்கும்போது தேவையில்லையா?

சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். 2020இல் அங்கே தொழிலாளர் விடுதிகளில் கொரோனா புகுந்தது. நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகளும் அடைபட்டுக் கிடந்த விடுதிகள் அவை. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அவர்களுக்குச் சுத்தம் போதாது என்று அங்கேயும் ஒரு நாளேட்டில் வாசகர் கடிதம் வந்தது. கேட்டபோது நமக்கு நெஞ்சு எரிந்ததே! அதே பழியை இன்று ஒடிசாப் பிள்ளையின் தலையில் நாமே சுமத்தலாமா? சிங்கப்பூர் அரசு பிறகு அறையைத் திருத்தியது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி என்று விதி போட்டது.

இருமுகிறவனை ஊருக்குத் துரத்திவிடலாம் என்கிறார் ஒருவர். துரத்தினால் அடுத்தவன் இருமலை மறைப்பான். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, நெரிசலான ஏழை வீடுகளில் வைத்தே காசநோயைக் குணப்படுத்திக் காட்டியது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடிவிடவில்லை. பெரிய ஆபத்து, மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான். உலகமே ஏற்றுக்கொண்ட பாடம் நம் சென்னையில் பிறந்தது.

தோழர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். கம்பெனி முதலாளிகளே, அவன் சிகிச்சை முடிக்கும்வரை வேலையைப் பறிக்காதீர்கள். லைன் வீட்டுக்காரர்களே, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து விடுங்கள். பனியனின் நெஞ்சளவைக் கால் இஞ்ச் பிசகாமல் அளக்கிற ஊர் இது. அதே இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் அந்த அறைக்குள் போங்கள்!