அதிகாரம் இல்லாதவரின் வினா
(பொதுச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேச மொழியியல் பயின்ற ஒருவர் வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அத்தொடர்களில் துப்பாக்கி வெடிப்பதும் வண்டிகள் துரத்துவதும் சிறிது நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் ஒருவர் வினவுகிறார். மற்றவர் விடை கூறுகிறார். வினாவும் விடையும் மொழியியலின் ஆய்வுப் பொருள்கள். ஆகவேதான் இத்தலைப்பை ஏற்றேன்.

தனியார் துப்பறிவாளரைக் காவல்துறையினரிடமிருந்து வேறுபடுத்துவது யாது? அதிகாரம். காவல்துறையினர் அழைத்தால் மறுப்பது எளிதன்று. தனியார் துப்பறிவாளர் கதவைத் தட்டினாலோ, வீட்டுக்காரர் அதனை அவர் முகத்துக்கு நேரே சாத்திவிடலாம். அவரிடம் உள்ள கருவி மொழி ஒன்றே. அதிகாரமற்ற ஒருவர் வாயாலும் செவியாலும் உண்மையை எட்டுவதைக் காண்பதே இத்தொடர்களின் ஈர்ப்புக்குத் தலையாய காரணம் என்பது என் கருத்து.

1974 முதல் 1980 வரை அமெரிக்காவில் ஒளியேறிய ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் கார்னர் ஏற்று நடித்த ஜிம் ராக்ஃபோர்ட், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று, பின்னர் மன்னிப்புப் பெற்று வெளிவந்தவர். கடற்கரையோரம் ஓர் இழுவை வண்டியே அவருக்கு வீடும் அலுவலகமும். நாளொன்றுக்கு 200 டாலரும் செலவுத் தொகையும் அவருடைய கட்டணம். அது பலமுறை கைக்கு வந்து சேர்வதில்லை. அவருடைய காரில் சிறிய அச்சுக் கருவி ஒன்று உண்டு. தேவைக்கேற்பப் பெயரட்டை அச்சிட்டு, வேறொரு தொழில் செய்பவராக அவர் நுழைவார். அட்டையோடு அவருடைய சொற்களும் தொனியும் நடையும் மாறிவிடும். பொய்ப் பெயரட்டையை மாணவர்க்கு நான் பரிந்துரைக்கவில்லை. இடமறிந்து நடை மாற்றும் மொழித்திறனையே சுட்டுகிறேன்.

அடுத்தவர் ஏர்கூல் புவாரோ. 1989 முதல் 2013 வரை டேவிட் சூஷே 70 பகுதிகளில் இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். புவாரோ பெல்ஜியத்தில் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, அகதியாக இங்கிலாந்து வந்தவர். பிரெஞ்சு கலந்த அவருடைய ஆங்கிலத்தைக் கேட்போர் அவரைக் குறைவாக மதிப்பிடுகின்றனர், காவலின்றிப் பேசிவிடுகின்றனர். அகதா கிறிஸ்டியின் ‘திரீ ஆக்ட் டிராஜெடி’ என்னும் புதினத்தில், தம்மால் பிழையற்ற ஆங்கிலம் பேச இயலும் என்றும், குறையுடைய மொழி பிறரின் எச்சரிக்கையைத் தளர்த்துவதால் அதனைப் பயன்படுத்துவதாகவும் அவரே விளக்குகிறார். ஒருவரின் உச்சரிப்பைக் கொண்டு அவருடைய அறிவை அளப்போர் ஏமாந்து போகின்றனர். பன்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும்.

வினவத் தெரிந்தால் மட்டும் போதாது. விடையைக் கேட்கவும் தெரிய வேண்டும். இங்கே நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. நன்னூல் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. “நேற்றிரவு அவரோடு பேசினீர்களா?” என்று துப்பறிவாளர் வினவுகிறார் எனக் கொள்வோம். “எனக்குத் தலைவலியாக இருந்தது” என்பது உற்றது உரைத்தல். “நான் ஏன் அவரோடு பேச வேண்டும்?” என்பது வினாதல். “அவருடைய தம்பியோடு பேசினேன்” என்பது இனமொழி. மூன்றிலும் ‘இல்லை’ என்ற சொல் இல்லை. சாதாரணமாகக் கேட்பவர் அவற்றை மறுப்பாகக் கொண்டு நகர்ந்துவிடுவார். துப்பறிவாளரோ, ‘இல்லை’ என்று சொல்ல இவர் ஏன் தயங்கினார் என எண்ணுவார். ஜெரமி பிரெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த தொடரின் ‘சில்வர் பிளேஸ்’ பகுதியில், இரவில் நாய் குரைக்காததே சான்றாகிறது. சொல்லப்படாததற்கும் பொருள் உண்டு.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நாம் கேட்பவற்றுள் பெரும்பாலானவை அறிவினாக்கள். விடை தெரிந்தே கேட்கிறோம். மாணவர் உண்மையைத் தேடுவதில்லை. ஆசிரியர் மனத்தில் உள்ள விடையைத் தேடுகிறார். “விளங்கியதா?” என்றதும் வகுப்பு முழுவதும் “விளங்கியது, ஐயா” என்கிறது. அது அதிகாரத்துக்கு அளிக்கப்பட்ட விடை. விளங்காத மாணவர் இடைவேளையில் நண்பரிடம் வேறு மொழியில் தம் ஐயத்தைக் கேட்கிறார். என் கவலை இதுதான். அறியாவினாவையும் ஐயவினாவையும் தமிழில் எழுப்பாத தலைமுறைக்குத் தமிழ் தேர்வுத்தாளில் விடை எழுதும் மொழியாக மட்டுமே எஞ்சும்.

ஆசிரியர்களே, பாடந்தோறும் உங்களுக்கே விடை தெரியாத வினா ஒன்றையேனும் கேளுங்கள். “விளங்கியதா?” என்பதற்கு மாற்றாக, “எந்த இடத்தில் தடுக்கிற்று?” என்று வினவுங்கள், மாணவர் தயங்கினால் அத்தயக்கத்துக்கும் செவி கொடுங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்களுடைய இளமைக்காலத்தைப் பற்றித் தமிழில் வினவுங்கள். அவர்களை வற்புறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆகவே பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். அவர்கள் கூறும் விடைகள் எட்டு வகையுள் எவ்வகையின என்று குறித்து வாருங்கள். அக்குறிப்பேட்டை வகுப்பில் படிக்கும் நாளில், ஆசிரியர் அறியாத செய்திகள் பல அதில் இருக்கும்.