யாத்திரையில் எவரையும் விட்டுச் செல்லாமை

(நம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யாத்திரைக் காலம் நெருங்குகின்றது. குடும்பந்தோறும் பிரயாணப் பேச்சு எழும். அப்பேச்சினூடே, "வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே" என்னும் வார்த்தையும் எழும். அந்த ஒருவர் யாவர்? பெரும்பாலும் நடக்க இயலாத அண்ணனோ, பார்வையிழந்த அத்தையோ ஆவர். அன்பில்லாமையால் அவரை யாரும் விட்டுச் செல்வதில்லை. "அவருக்குச் சிரமம்" என்று இரங்கியே விட்டுச் செல்கின்றனர். ஆயினும் அவரை ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்? சிரமம் இன்னதென்று அறிந்தவர் அவர். அதைத் தாங்குவதா, தவிர்ப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. ஆதலின் பிரயாண ஏற்பாட்டின் முதற்படி ரயில் அட்டவணையைப் பார்த்தலன்று, அவரைக் கேட்டலேயாம்.

இரண்டாவதாக, வழி முழுவதையும் மனத்தினால் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். வீட்டு வாசல், வண்டி, நிலையம், விடுதி, கழிப்பறை, சந்நிதி ஆகிய இவற்றுள் ஓரிடம் தடைப்படினும் பிரயாணம் முழுதும் தடைப்படும். விடுதிக்காரரிடம் "சௌகரியம் உண்டா?" என்று வினவினால் "உண்டு" என்றே விடை வரும். "வாசலில் எத்தனை படிகள்? கழிப்பறைக் கதவின் அகலம் என்ன?" என்று வினவுதலே தக்கது. சக்கர நாற்காலி தாராளமாக நுழையக் கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருத்தல் நலம்.

மூன்றாவது, வாகனம். துணையின்றிச் செல்ல இயலாத உடலூனமுற்றோருக்கும், முற்றிலும் பார்வையற்றோருக்கும், அறிவுத்திறன் குறைந்தோருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதுவே உண்டு. 2020ஆம் ஆண்டில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. இதனை அறியாமல் முழுக் கட்டணம் செலுத்துவோர் நம்மிடையே உளர். உரிய சான்றிதழை முன்னரே பெற்று, மூலத்தையும் பிரதியையும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்க. விமானத்திற் செல்வோர், தமக்கு வேண்டிய உதவியைப் புறப்பாட்டிற்கு 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்தல் வேண்டும். மின்கல நாற்காலியாயின் மின்கலத்தின் வகையையும் சொல்லுதல் அவசியம்.

நான்காவது, சேருமிடம். பழனிமலைக்கு 1966 முதல் விஞ்ச் என்னும் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் உண்டு. சோளிங்கர் மலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. எனினும் காற்று மிகுந்தால் ரோப் கார் நிற்கும். பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. விசாரியாமற் சென்று அடிவாரத்தில் நின்று திரும்புதல், வீட்டிலிருந்தே தரிசியாமையினும் கொடிது.

ஐந்தாவது, உதவி செய்யும் முறை. கேளாமல் ஒருவரைத் தூக்குதலும், நாற்காலியைப் பிடித்துத் தள்ளுதலும் உபகாரமாகா. பார்வையற்றவரின் கையை இழுத்துச் செல்லாமல், அவர் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ள விட்டு அரையடி முன்னே நடத்தலே முறை. அன்றாட மருந்தை இரண்டு நாளைக்கு மிகுதியாகவே கொண்டு செல்க. அதனைப் பெட்டியில் அடைக்காமல் கைப்பையில் வைத்திடுக.

இவையெல்லாம் தயவினாற் செய்யும் தருமம் என்று எவரும் எண்ணற்க. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, பொது இடங்களையும் போக்குவரத்தையும் அவர்கள் அணுகத்தக்கனவாக அமைக்குமாறு விதித்துள்ளது. சர்க்காரிடம் இதனைக் கேட்கும் நாம் நம் சங்கக் கட்டிடத்தில் முதலிற் செய்து காட்ட வேண்டாவா? கல்யாணத்திற்கு வருவோர் ஏறும் நம் மண்டப வாசலில் மூன்று படிகள் உள்ளன; உயரம் 45 சென்டிமீட்டர். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் விதி. அவ்வாறாயின் 5.4 மீட்டர் நீளம் போதும். வாசலில் இடமும் உண்டு. அவசரத்திற்குப் பலகையைச் சரித்துப் போடுதல் ஆபத்தாகும்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் இரண்டு பிரேரணைகளை வைக்கின்றோம். ஒன்று, அடுத்த முகூர்த்தக் காலத்திற்குள் மண்டபத்திற்குச் சாய்தளம் அமைத்தல். மற்றொன்று, இவ்வருஷச் சங்க யாத்திரைக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தினரிடமும், "வீட்டில் தங்குபவர் யார்? அவரைக் கேட்டீர்களா?" என்று காரியதரிசி வினவிக் குறித்துக்கொள்ளல். வீட்டைப் பூட்டும் பூட்டு கடையில் விற்கின்றது; அதன் வேலையை மனிதருக்குக் கொடாதிருப்போமாக.